இவ்வளவுதானா?

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு டெலிவிஷன் நாடகம். "கூலி, போனஸ், குத்தகை என்று பேச எவ்வளவோ இருக்க, நாடகக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் 2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு, 1 கோடியே 28 லட்சம் பேர் ஒரே நேரத்தில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த நாட்டு ஜனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் தேடினார்கள்: "போலீசுக்குள் ஒளிந்திருக்கும் ஊழல் தலைவன் யார்?" பதில் கிடைத்தது. கிடைத்ததும் பலர் கேட்டார்கள்: "இவ்வளவுதானா?"

இத்தனை ஜனங்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள்? அந்தக் கோபத்தில் எது நியாயம், எது ஏமாற்றம்? அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

நாடகமும் அதன் கேள்வியும்

நாடகத்தின் பெயர் 'லைன் ஆஃப் டியூட்டி'. கடமையின் பாதை என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஜெட் மெர்குரியோ. பி.பி.சி.யில் 2012-ல் ஆரம்பித்து, 2021 வரையில் ஆறு தொடர்கள் வந்தன. ஏ.சி. 12 என்று ஒரு கற்பனை இலாகா. போலீஸ்காரர்களின் ஊழலைப் பிடிப்பதுதான் அதன் வேலை. டெட் ஹேஸ்டிங்ஸ் என்ற வயதான அதிகாரி, ஸ்டீவ் ஆர்னாட், கேட் பிளெமிங் என்ற இரண்டு இளம் அதிகாரிகள், இவர்கள்தான் முக்கிய பாத்திரங்கள்.

முதல் தொடரின் முதல் காட்சியே ஒரு கொலை. பயங்கரவாதியைப் பிடிக்கப் போன போலீஸ் படை தவறான வீட்டில் நுழைந்து, ஒரு பாவமும் அறியாத மனிதனைச் சுட்டுக் கொன்று விடுகிறது. "எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுங்கள்" என்று உத்தரவு வருகிறது. ஆர்னாட் மட்டும் மறுக்கிறான். அதனால்தான் அவன் ஏ.சி. 12-க்கு வந்து சேருகிறான்.

பிரிட்டிஷ் ஜனங்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தெரியவில்லை. 2005 ஜூலை 22-ந் தேதி, லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் ழான் சார்லஸ் டி மெனேஸஸ் என்ற பிரேஸில் நாட்டு எலெக்டிரீஷியனைப் பயங்கரவாதி என்று தவறாக நினைத்துப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஒரு போலீஸ்காரர் மீதும் கொலை வழக்கு வரவில்லை. 2007-ல் லண்டன் போலீஸ் இலாகாவின் மீது வந்த குற்றத்தீர்ப்பு எந்தச் சட்டப்படி தெரியுமா? வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்புச் சட்டப்படி! இயந்திரத்துக்குக் காப்பு வைக்காத முதலாளிக்கு அபராதம் போடுகிறார்களே, அதே சட்டம். ஒரு மனித உயிருக்கு 1,75,000 பவுன் அபராதம், கணக்குத் தீர்ந்தது. இப்படிப்பட்ட நாட்டில்தான் அந்த நாடகம் ஓடியது. ஜனங்கள் அதைத் தங்கள் கதையாக எடுத்துக் கொண்டதில் ஆச்சரியமில்லை.

வருஷங்கள் போகப் போகக் கதை ஒரு மர்மத்தைப் பிடித்துக் கொண்டது. காட்டன் என்ற ஊழல் போலீஸ்காரன் மூன்றாவது தொடரின் கடைசியில் சாகிறான். சாகும்போது அவன் கொடுத்த துப்பிலிருந்து 'எச்' என்ற ஓர் எழுத்து கிடைக்கிறது. அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் அதிகாரிகள் மீதெல்லாம் சந்தேகம் விழுகிறது. ஹேஸ்டிங்ஸ் மீதே விழுகிறது. பிறகு ஐந்தாவது தொடரில் புதிர் மாறுகிறது. தந்தி பாஷையில் 'எச்' என்றால் நான்கு புள்ளிகள். ஆகவே அது ஒருவனின் பெயரல்ல. நான்கு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று பேர் தெரிந்து விட்டார்கள். நாலாமவன் யார்?

இந்தக் கேள்விதான் பிரிட்டனைப் பிடித்து ஆட்டியது. தொழிற்சாலையில், பஸ்ஸில், மதுக்கடையில் இதே பேச்சு. பெரிய போலீஸ் கமிஷனரா? சர்க்கார் வக்கீலா? கதையில் ஒரு பழைய அதிகாரியின் போட்டோவை மட்டும் காட்டினார்கள். போட்டோவில் இருந்தவர் ஜேம்ஸ் நெஸ்பிட் என்ற பிரபல நடிகர். "இவ்வளவு பெரிய நடிகரை வெறும் படத்துக்காகவா அழைத்திருப்பார்கள்? இவன்தான்!" என்று பலர் முடிவு கட்டினார்கள். அவனோ ஸ்பெயினில் பிணமாகக் கிடந்தான்!

அன்றிரவு நடந்தது

கடைசியில் விசாரணை அறைக்குள் கொண்டு வந்து உட்கார வைக்கப்பட்டவன் இயன் பக்கிள்ஸ்.

யார் இந்தப் பக்கிள்ஸ்? முதல் தொடரிலிருந்தே அங்கே இங்கே தலைகாட்டியவன். சோம்பேறி. அரைகுறை வேலைக்காரன். எதை எடுத்தாலும் கோட்டை விடுகிறவன். ஆனாலும் இன்ஸ்பெக்டராக இருந்தவன் சீப் இன்ஸ்பெக்டரானான். பிறகு சூப்பரிண்டெண்டும் ஆனான். அவனைக் காட்டிக் கொடுத்தது என்ன? "நிச்சயமாக" என்று பொருள்படும் ஓர் இங்கிலீஷ் சொல்லை எப்போதும் ஒரே எழுத்துப் பிழையோடு எழுதுவான். கொள்ளைக் கூட்டத்துக்கு அனுப்பிய ரகசியச் செய்திகளிலும் அதே பிழை!

அவன் கூட்டத்தின் தலைவனும் இல்லை. மேலிருந்து வந்ததைக் கீழே தள்ளி, கீழிருந்து வந்ததை மேலே தள்ளி, நடுவில் தன் பங்கை எடுத்துக்கொண்ட ஒரு தபால்காரன்.

ஜனங்கள் கொதித்தார்கள். "இந்த மண்டுவுக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?" "ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை, ஒரு துரத்தல் இல்லை!" "கதாசிரியர் நம்மை முட்டாளாக்கி விட்டார்!" வேறு சிலர் எதிர்வாதம் செய்தார்கள்: "உண்மை வாழ்க்கை இப்படித்தான் இருக்கிறது. மேதைகளா நாட்டைக் கெடுக்கிறார்கள்? திறமை இல்லாதவர்களும் அவர்களைத் தூக்கி விடுகிறவர்களும்தான் கெடுக்கிறார்கள்." மெர்குரியோவும் பின்னால் ஒரு விளக்கம் சொன்னார். சமூகத்தில் ஊழலின் உண்மையான தன்மையைக் காட்ட முயன்றோம், அது எல்லோருக்கும் பிடிக்காது என்று தெரிந்தே செய்தோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாடகத்தின் இறுதியில் திரையில் சில வரிகள் வருகின்றன. பக்கிள்ஸ் செய்த ஊழலின் சாட்சியங்கள் பகிரங்கக் கோர்ட்டில் வெளிவராமல் தடுக்க முயற்சி நடக்கிறது. அதற்கு உத்தரவு போட்டவர் அவனுடைய மேலதிகாரி, தலைமைக் கான்ஸ்டபிள். ஏ.சி. 12-ன் அதிகாரம் என்றுமில்லாதபடி பலவீனமாக்கப்பட்டு விட்டது. அத்தோடு கதை முடிகிறது. 'நாலாமவன் யார்' என்ற பரபரப்பில் இந்த வரிகளைப் பலர் கவனிக்கவே இல்லை.

கோபத்தில் பாதி நியாயம்

இந்தக் கோபம் நியாயமா? பாதி நியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

எது நியாயம்? "இந்த மண்டு ஒருவனால் இவ்வளவும் செய்திருக்க முடியாது" என்று ஜனங்கள் நினைத்தார்கள். மெத்தச் சரி! எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருவனைச் சூப்பரிண்டெண்டு ஆக்கியது யார்? அவன் கெடுத்த வழக்குகளை மூடி வைத்தது யார்? அவன் விஷயம் கோர்ட்டில் வரக்கூடாது என்று தடை தேடுவது யார்? ஒரு பக்கிள்ஸ் நிற்க வேண்டுமானால் அவன் காலுக்குக் கீழே பலகை போட நூறு கைகள் வேண்டும். அதை ஜனங்கள் உள்ளுணர்வால் கண்டு கொண்டார்கள். டெலிவிஷன் பார்த்தவர்கள் ஏமாளிகள் என்று ஏளனம் செய்த பத்திரிகைக் கனவான்களுக்கு அந்த உணர்வு இல்லை.

எது தவறு? "பெரிய மூளை ஒன்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்து விட்டால் எல்லாம் சுத்தமாகி விடும்" என்ற நம்பிக்கை.

வயலில் வரப்பு கசிகிறது. ஓர் எலியைப் பிடித்து அடித்து விட்டால் கசிவு நின்று விடுமா? வளைகளை அடைக்க வேண்டாமா? மில்லில் இழை ஓயாமல் அறுகிறது. மேஸ்திரி ஓடி வந்து, பிரேமில் நிற்கும் தொழிலாளியைத் திட்டுகிறார், அபராதம் போடுகிறார். ஆளை மாற்றிப் பார்க்கிறார்கள். புது ஆளிடமும் அறுகிறது. போட்ட பஞ்சே மட்டம் என்றால் யார் நின்றாலும் அறுந்துதான் தீரும். இது உங்களுக்குத் தெரிந்த பாடம். போலீஸ் ஊழலிலும் இதே பாடம்தான்.

இதைக் கற்பனைக் கதையை வைத்து நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. அதே பிரிட்டனின் உண்மைக் கதைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆர்க்ரீவ்

முதல் கதை உங்களைப் போன்ற தொழிலாளிகளுடையது. 1984-ல் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் சுரங்க மூடலை எதிர்த்து மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 18-ந் தேதி, யார்க்ஷயரில் ஆர்க்ரீவ் என்ற இடத்தில், கற்கரி ஆலைக்கு முன்னால் அவர்கள் மறியல் செய்தார்கள். ஆயிரக்கணக்கான போலீசார் குவிக்கப்பட்டனர். குதிரைப் படை பாய்ந்தது. தொழிலாளிகளின் மண்டைகள் உடைந்தன. 95 பேர் மீது கலகம் முதலான குற்றங்கள் சாட்டப்பட்டன. கலகக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரையில் கொடுக்கலாம்.

1985-ல் வழக்குக் கோர்ட்டில் நொறுங்கியது. ஏன்? போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் ஒரே வாக்கியங்கள்! ஒருவர் சொல்லப் பலர் எழுதிக் கொண்டது அம்பலமாயிற்று. 1991-ல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 தொழிலாளிகளுக்கு 4,25,000 பவுன் நஷ்டஈடு கொடுத்தது. தவறு செய்தோம் என்று மட்டும் ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு போலீஸ்காரர் மீதும் நடவடிக்கை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்க்ரீவ் சம்பவத்தைப் பி.பி.சி. அன்று செய்தியில் காட்டியபோது வரிசை மாறிப் போயிருந்தது. குதிரைப் படை பாய்ந்ததற்குப் பின்னால் பறந்த கற்கள் அதற்கு முன்னால் பறந்தது போலக் காட்டப்பட்டன. அவசரத்தில் நேர்ந்த பிழை என்று பி.பி.சி. பிற்பாடு ஒப்புக் கொண்டது. போலீஸ் ஊழல் நாடகத்தை ஒளிபரப்பியதும் அதே ஸ்தாபனம்தான்.

ஹில்ஸ்பரோ

அதே தெற்கு யார்க்ஷயர் போலீஸ். ஐந்து வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15. ஷெப்பீல்டு நகரத்தில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். லிவர்பூலிலிருந்து வந்த ரசிகர்களை நடுவிலிருந்த இரண்டு அடைப்புகளுக்குள் நெருக்கி விட்டார்கள். மூச்சு முட்டியும் நசுங்கியும் இறந்தவர்கள் 97 பேர். பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

பழி யார் மேல் போடப்பட்டது? செத்தவர்கள் மேல்! குடித்துவிட்டு வந்து நெருக்கினார்கள் என்றார்கள். 'சன்' பத்திரிகை அந்தப் பொய்யை முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூல் ஜனங்கள் அந்தப் பத்திரிகையை வாங்க மறுத்தார்கள். கடைக்காரர்கள் விற்க மறுத்தார்கள். மறுப்பு வருஷக்கணக்கில் நீடித்தது.

2012-ல் சுயேச்சைக் குழு ஒன்று தஸ்தாவேஜுகளைத் தோண்டி எடுத்தது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116-ல் போலீசுக்குப் பாதகமான பகுதிகள் வெட்டப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. 2016-ல் மரண விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது குற்றமில்லை. அதற்கு 27 வருஷம் பிடித்தது.

இப்போது தேதியைக் கவனியுங்கள். நாடகம் முடிந்தது 2021 மே 2. அதிலிருந்து 24-ம் நாள், மே 26. வாக்குமூலத்தைத் திருத்திய வழக்கில் இரண்டு முன்னாள் போலீஸ் அதிகாரிகளும் ஒரு முன்னாள் வக்கீலும் விடுதலை செய்யப்பட்டார்கள். திருத்திய வாக்குமூலங்கள் ஒரு பொது விசாரணைக்காகத் தயாரிக்கப்பட்டவை. அது கோர்ட்டு அல்ல. ஆகையால் நீதியைத் திரித்த குற்றம் ஆகாது என்று நீதிபதி சொன்னார். கொள்ளை நோய்க் காலமானதால் அந்த விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? ஸால்போர்டு நகரத்து நாடகக் கொட்டகை ஒன்றில்! அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. உண்மையை மூடி மறைத்ததால் பாதிக்கப்பட்ட 600-க்கு மேற்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க இரண்டு போலீஸ் படைகள் சம்மதித்து விட்டனவாம். நஷ்டம் உண்டு, ஈடும் உண்டு; ஆனால் குற்றவாளி ஒருவனும் இல்லை!

"இவ்வளவுதானா?" என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா, தோழர்களே?

டானியல் மார்கன்

மூன்றாவது கதை. 1987 மார்ச் 10. தெற்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் மோட்டார் நிறுத்துமிடத்தில், டானியல் மார்கன் என்ற தனியார் துப்பறிபவர் தலையில் கோடரி பாய்ந்து கிடந்தார். விசாரணை மேல் விசாரணை நடந்தது. 2011-ல் வழக்கு நொறுங்கியது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய அண்ணன் அலஸ்டேர் மார்கன் ஓயாமல் போராடினார். 2013-ல் சர்க்கார் ஒரு சுயேச்சைக் குழுவை நியமித்தது. ஒரு வருஷத்தில் முடியும் என்று நினைத்த வேலை எட்டு வருஷம் இழுத்தது. தஸ்தாவேஜுகளைப் பார்க்க விடாமல் போலீஸ் செய்த தாமதமும் அதற்கு ஒரு காரணம்.

அறிக்கை வெளிவந்த நாள் 2021 ஜூன் 15. நாடகம் முடிந்து 44-ம் நாள்! அந்த அறிக்கை லண்டன் போலீசின் நோய்க்கு ஒரு பெயர் வைத்தது: ஸ்தாபன ஊழல். அதன் பொருள் எளிது. காசு வாங்குவது மட்டும் ஊழலாகாது. இலாகாவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தவறுகளை மறைப்பதும் மறுப்பதும் ஊழலே. இலாகாவின் பெயருக்காகச் செய்யப்படும் நேர்மைக்கேடு அது.

லண்டன் போலீஸ் தலைமை இதை ஏற்க மறுத்தது. 2023-ல் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்து மன்னிப்பும் கேட்டது. கொலைகாரனுக்கு மட்டும் தண்டனை இல்லை.

இந்த மூன்று கதைகளிலும் நாலாமவன் யார்? 'எச்' யார்? ஆர்க்ரீவில் ஒரே வாக்கியத்தை எழுதிய அத்தனை பேரும் லஞ்சம் வாங்கினார்களா? இல்லை. வாக்குமூலத்தில் கோடு கிழித்தவர்களுக்குக் கொள்ளைக் கூட்டத்தோடு உறவா? இல்லை. மேலே இருப்பவர் என்ன விரும்புவார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியும். இலாகாவைக் காப்பாற்றினால் பதவி உயர்வு, உண்மையைச் சொன்னால் ஒதுக்கல் என்பதும் தெரியும். இது போதும். மூளை ஒன்று ஒளிந்திருக்க வேண்டியதில்லை. பக்கிள்ஸ்கள் தாமாக உற்பத்தியாவார்கள்.

பார்த்தவர்களும் விடாதவர்களும்

ஆகவே நாடகத்தின் முடிவு சரியானதே என்று நான் சொல்கிறேனா? முழுக்கச் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக 'யார், யார்' என்று ஜனங்களை ஓட விட்டவரே மெர்குரியோதான். கடைசியில் 'யார் என்பது முக்கியமில்லை' என்றால் கோபம் வராதா? புதிர் போடும்போது ருசி காட்டி விட்டு, விடை சொல்லும்போது உபதேசம் செய்தால் ஏற்க முடியுமா? பார்த்தவர்களுக்குக் குறை சொல்ல உரிமை உண்டு.

ஆனாலும் அந்த நாடகம் ஓர் உண்மையைச் சொல்லி விட்டது. ஊழலைப் பிடிக்கும் ஹேஸ்டிங்ஸே, தான் முன்பு வாய்விட்ட ஒரு வார்த்தையால் ஒரு போலீஸ்காரன் செத்ததைக் கடைசியில் ஒப்புக் கொள்கிறார். நல்ல அதிகாரி ஒருவர் வந்து நம்மைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கைக்கும் அதோடு முடிவு.

பின் யார் காப்பாற்றினார்கள்? ஹில்ஸ்பரோவின் உண்மையை எந்த ஏ.சி. 12-ம் வெளிக்கொண்டு வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் தகப்பன்மார்களும் 27 வருஷம் கோர்ட்டுப் படி ஏறினார்கள். அவர்களில் பலர் தீர்ப்பைக் கேட்காமலே கண்ணை மூடினார்கள். ஆர்க்ரீவ் பற்றிப் பகிரங்க விசாரணை வேண்டும் என்று சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் விடாமல் கேட்டார்கள். சர்க்கார்கள் மறுத்தன. 2025 ஜூலையில்தான், சம்பவம் நடந்து 41 வருஷம் கழித்து, பிரிட்டிஷ் சர்க்கார் விசாரணையை அறிவித்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் விசாரணையில் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு மசோதா 2025 செப்டம்பரில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. அதற்கு ஹில்ஸ்பரோ சட்டம் என்றே ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்த மசோதா குறி வைப்பது எலியை அல்ல, வளையை. யார் பொய் சொன்னான் என்று தேடி அலைவதோடு நிற்காமல், பொய் சொன்னால் பதவி உயரும் என்ற வழக்கத்தையே அடைக்கப் பார்க்கிறது.

'லைன் ஆஃப் டியூட்டி'யின் ஏழாவது தொடர் வரும் என்று 2025 நவம்பரில் பி.பி.சி. அறிவித்தது. வரட்டும். ஜனங்கள் பார்க்கட்டும், ரசிக்கட்டும், முடிவு பிடிக்காவிட்டால் திட்டட்டும். உழைத்துக் களைத்தவனுக்கு ஒரு நல்ல கதை வேண்டும். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நாடகத்தின் கேள்விக்கும் வாழ்க்கையின் கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்து விடக் கூடாது. நாடகம் கேட்கிறது: யார் அவன்? நாம் கேட்க வேண்டியது: அவனை அங்கே வைத்தது எது? அவனுக்குப் பின் வருபவனும் அப்படியே ஆகாமலிருக்க எதை மாற்ற வேண்டும்?

"இவ்வளவுதானா?" என்று அன்றிரவு லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். நல்ல கேள்வி. கதாசிரியரைக் கேட்டதோடு பலர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து விட்டார்கள். அதே கேள்வியைச் சர்க்காரைப் பார்த்து, கோர்ட்டைப் பார்த்து, போலீசைப் பார்த்து, 27 வருஷமும் 41 வருஷமும் கேட்டுக் கொண்டேயிருந்தவர்கள் சிலர். அந்தச் சிலரால்தான் மூடிய தஸ்தாவேஜுகள் திறந்தன.